பனித்தெருவுக்கு ஒரு சிட்டிகை நீலம்

வலது கண்ணுக்குள் யாரோ கங்கு ஒன்றை வைத்து ஊதிக்கொண்டே இருப்பது போல எரிந்தது. கசக்கினால் கண் போச்சு என்று சின்னப்பையனுக்குத் தெரியும். அதனால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு நடந்தான். அவன் தோள் துண்டின் ஒரு முனையைப் பிடித்து, மாட்டை ஓட்டிப் போகிற மாதிரி முன்னால் இழுத்துக்கொண்டு போனாள் அவன் மனைவி கங்கையம்மாள். செவிலிமேட்டிலிருந்து வெள்ளைக்கார டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்கு இரண்டு மைல். வழி பூராவும் ஐப்பசி மழைத் தண்ணீர். குழி எது, தரை எது என்று தெரியவில்லை. இடது கண்ணும் கூடவே சேர்ந்து அழுதது.

"கொதிக்கிறப்போ குனிவாங்களாய்யா? நேத்து பொறந்தவனா நீ?" என்று திரும்பிப் பார்க்காமலே திட்டிக்கொண்டு போனாள். அவளும் அழுகிறாள் என்பது குரலில் தெரிந்தது.

திட்டியதில் நியாயம் இருந்தது. வெள்ளையடிக்கிற தொழிலில் இருபத்தைந்து வருஷம் ஓட்டியவன் அவன். சுட்ட கிளிஞ்சலைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் ஊற்றினால் உலைச்சோறு மாதிரி கொதிக்கும், அப்போது அதன்மேல் குனியக்கூடாது என்பது அந்தச் சேரியில் தவழ்கிற பிள்ளைக்கும் தெரியும். கிளறுகிற கழி கை நழுவி உள்ளே விழுந்தது. பழக்கதோஷம், எடுக்கக் குனிந்தான். ஒரு கட்டி வெடித்து நேரே கண்ணுக்குள் போயிற்று.

ஆஸ்பத்திரியில் அவனை வரிசையில் நிற்க வைக்கவில்லை. டாக்டரம்மா தரையிலேயே அவனைப் படுக்க வைத்து, தானும் ஈரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, கட்டை விரலால் இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டாள். நர்ஸ் மேரி தண்ணீர் ஊற்றினாள். ஒரு குடம், இரண்டு குடம், ஐந்து குடம். அவன் உதறினான், கத்தினான், கெட்ட வார்த்தை கூடச் சொன்னான். அந்த விரல் விலகவே இல்லை. பிறகு விளக்கெண்ணெய் போல எதையோ விட்டுக் கட்டுப் போட்டாள்.

"நீர் தைரியசாலி" என்றாள் டாக்டரம்மா. முன்ஷி வைத்துப் படித்த தமிழ் அவளுடையது. எழுத்து எழுத்தாக உச்சரிப்பாள். "ஆனால் நாற்பது நாள் சுண்ணாம்பைத் தொடக்கூடாது. பார்க்கவும் கூடாது."

"நாப்பது நாளா?" கங்கையம்மாள் விரல் விட்டு எண்ணினாள். "கார்த்திகை முடிஞ்சிபூடுமே."

"முடியட்டும்" என்றாள் டாக்டரம்மா.

கட்டணம் ஒன்றும் கேட்கவில்லை. கங்கையம்மாள் முந்தானையில் முடிந்து வந்திருந்ததை அவிழ்க்கப் போனபோது மேரி அவள் கையைத் தட்டிவிட்டாள். மேரி முசரவாக்கத்துப் பெண். அப்பன் பண்ணையாளாக இருந்தவன். இவர்கள் சாதிதான், இவள் குடும்பம் மட்டும் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்திருந்தது. "வீட்ல அரிசி வாங்கு, போக்கா" என்றாள்.

மூன்றாம் நாள் நமச்சிவாயம் மேஸ்திரி வீடு தேடி வந்தார். சேரிக்குள் வரமாட்டார். வேலியோரம் நின்று கூப்பிடுவார். நல்ல மனுஷர்தான், ஆனால் வேலை என்று வந்தால் தயவு தாட்சண்யம் கிடையாது.

"மார்கழி அஞ்சாம் தேதி சாரம் கட்டறோம்பா. பெரிய சத்திரத்து வெளிமதிலு, முப்பதடி. அதை முடிச்சா தை பொறக்கிற வரைக்கும் பெரிய வீடுங்க நாலு இருக்குது. ரெண்டு கண்ணும் சரியா இருந்தா வா. ஒத்தக் கண்ணை வச்சிக்கினு பலகை எங்க முடியுதுன்னு உனக்குத் தெரியாது. நீ விழுந்தா உன் பொஞ்சாதிக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

சின்னப்பையன் தலையாட்டினான். மேஸ்திரி சொன்னது சரிதான். போன வருஷம் ஒற்றைக் கண்ணோடு சாரம் ஏறி விழுந்த ஒருத்தனை அவனே சுமந்துபோய்ப் புதைத்துவிட்டு வந்திருக்கிறான். அந்த மார்கழி வேலைதான் அவர்களுக்கு வருஷத்தில் பாதிச் சோறு. கண் வந்தால் சாரம், வராவிட்டால் கங்கையம்மாள் சுண்ணாம்பு இடிக்கிற கூலியில் கிடைக்கிற கூழ்.

ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்க நாள் குறித்தாள் டாக்டரம்மா. வார்டில் வேண்டாம், தன் பங்களாவின் வடக்குத் தாழ்வாரத்துக்குக் கூட்டிவரச் சொன்னாள். அங்கேதான் வெயில் நேரே விழாது. புண்பட்ட கண்ணுக்கு அந்த வெளிச்சம்தான் தோது.

அவனை ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். அவன் தரையில் உட்காரப் போனான்.

"நாற்காலியில்" என்றாள் டாக்டரம்மா.

"எனக்குப் பழக்கமில்லம்மா."

"நான் குனிந்து பார்த்தால் என் முதுகு வலிக்கும். உமக்காக இல்லை, என் முதுகுக்காக உட்காரும்."

உட்கார்ந்தான். நாற்பத்திரண்டு வயதில் முதல் முறை. விளிம்பில், விழுந்துவிடப் போகிறவன் போல.

மேரி கட்டைப் பிரித்தாள். டாக்டரம்மா இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினாள். "வலது கண்ணைத் திறவும். என்ன தெரிகிறது?"

திறந்தான். வெள்ளை. எதிரே மேலும் கீழும் ஒரே வெள்ளை. அங்கங்கே திட்டுத் திட்டாக, கட்டி கட்டியாக, அப்பி வைத்த மாதிரி.

"ஐயோ அம்மா! சுண்ணாம்பு உள்ளயே இருக்குதே! ஒண்ணுந் தெரிலயே! சுண்ணாம்புதாம்மா தெரியுது!" என்று அலறி எழுந்துவிட்டான்.

மேரி வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்தியும் சிரிப்பு மூக்கு வழியாக வந்துவிட்டது. டாக்டரம்மா அவன் இடது கண்ணிலிருந்து கையை எடுத்தாள்.

"இப்போது இந்தக் கண்ணால் பாரும்."

இடது கண்ணாலும் அதே வெள்ளை. அதே திட்டுகள். முக்காலி ஒன்றில் நிறுத்தி வைத்த துணிச்சட்டம். அதன்மேல் யாரோ வெள்ளைச் சாந்தைக் குழைத்துக் குழைத்து அப்பியிருந்தார்கள்.

"அது உம்முடைய கண் அன்று" என்றாள் டாக்டரம்மா. "அது என் படம்."

"படமா?" சின்னப்பையனுக்கு நெஞ்சு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. பயம் தெளிந்ததும் கோபம் வந்தது. "இன்னா படம்மா இது, எரு தட்டின சுவரு மாதிரி? சாமி படமெல்லாம் எம்மாம் வழவழன்னு இருக்குது!"

"அண்ணே!" என்று மேரி அதட்டினாள்.

டாக்டரம்மாவுக்குக் கோபம் வரவில்லை. அவன் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிக்கொண்டு போய்த் தாழ்வாரத்தின் கடைசித் தூணில் சாய்த்து நிறுத்தினாள். "இப்போது பாரும். இரண்டு கண்ணாலும்."

அங்கிருந்து பார்த்தால் அது தெரு. இரண்டு பக்கமும் உயரமான கல் வீடுகள், கூரைமேல் வெள்ளை, தரையிலும் வெள்ளை. நடுவில் குதிரை வண்டி ஒன்று. குடை பிடித்துப் போகிற ஒரு பொம்பளை. கம்பத்தில் மஞ்சளாக ஒரு விளக்கு. சற்று முன்னால் வெறும் அப்பலாக இருந்தது எப்படி வீடும் வண்டியுமாக மாறிற்று என்று அவன் திகைத்துப் போனான். அப்புறம் புரிந்தது. திகைக்க ஒன்றும் இல்லை, அவன் தொழில்தான்.

"சாரத்து மேல நின்னா சுவரு தெரியாதும்மா" என்றான். "வெள்ளையடிக்கிற மட்டை போன போக்குதான் தெரியும். கோணலு, திட்டு, எல்லாம் எறங்கி எதிர்வாடைக்குப் போயி பாத்தாத்தான் தெரியும். நாங்க அப்பிடித்தான் பாப்போம்."

டாக்டரம்மா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எங்கள் ஊரில் ஓர் ஓவிய வாத்தியார் இதையே எனக்கு ஒரு வருஷம் சொன்னார்."

அந்தத் தெரு கிளாஸ்கோ என்ற அவள் ஊரில் இருக்கிறதாம். அவள் பிறந்த தெரு. வெள்ளையாக இருப்பது சுண்ணாம்பில்லை, பனி.

"மார்கழில இறங்குமே, அதாம்மா?"

"அதற்கு அக்காள். இலவம் பஞ்சு வெடித்துப் பறந்தால் எப்படி இருக்கும்? அப்படி வானத்திலிருந்து விழும். முழங்கால் உயரம் கிடக்கும்."

"யாரு கூட்டுவாங்க?" என்று கேட்டான் சின்னப்பையன். வேலை செய்கிறவனுக்கு வருகிற கேள்வி அது. டாக்டரம்மா அதற்கு வெகுநேரம் சிரித்தாள்.

அன்றிலிருந்து அந்தப் படம்தான் அவன் கண்ணுக்கு அளவுகோல். தினம் காலையில் மேரி மருந்து விடுவாள். டாக்டரம்மா வார்டைச் சுற்றி வந்து, இடது கண்ணை மூடச் சொல்லி, தூணருகே நிறுத்தி, என்ன தெரிகிறது என்று கேட்பாள். முதலில் வெளிச்சம் மட்டும். பிறகு மஞ்சள் விளக்கு, அதுவும் கரைந்த மாதிரி.

அவள் வர நேரமாகும். அதுவரை அவன் நாற்காலியில் உட்கார்ந்திருப்பான். இடது கண் நன்றாகத்தானே இருந்தது? அதனால் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். வீடு எத்தனை, ஜன்னல் எத்தனை, குதிரையின் எந்தக் கால் தூக்கியிருக்கிறது, வண்டிக்கு அடியில் எது நீலம், எது சாம்பல். பார்த்துப் பார்த்து மனசில் ஏறிவிட்டது. அப்புறம் அவள் வந்து கேட்கும்போது வலது கண் காட்டியது கொஞ்சம், வாய் சொன்னது அதிகம். ஏமாற்ற வேண்டும் என்று தொடங்கவில்லை. அவள் முகம் மலர்வதைப் பார்க்க நன்றாக இருந்தது. தவிர, அவள் "சரியாகிவிட்டது" என்று ஒரு வார்த்தை சொன்னால் மேஸ்திரி கேட்டுக்கொள்வார்.

"பாடம் ஒப்பிக்கிற மாதிரி சொல்றியே அண்ணே" என்று மேரி ஒருநாள் காதருகே சொன்னாள். அவன் காது கேட்காதவன் போல எழுந்து போனான்.

ஒருநாள் டாக்டரம்மா படத்தின் முன் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். தெருவின் நடுப்பகுதி சரியாக வரவில்லை. வெள்ளைமேல் வெள்ளையாக அப்பியும் அது செத்துக் கிடந்தது.

"சொல்லலாமாம்மா?" என்றான் சின்னப்பையன்.

"சொல்லும்."

"வெறும் வெள்ளை வெள்ளையாத் தெரியாது. பழுப்பாத்தான் தெரியும். சட்டிக்கு ஒரு சிட்டிகை நீலம் போடணும். அப்பத்தான் கண்ணைப் பறிக்கும்."

"நிழலுக்கு நீலம் போட்டிருக்கிறேனே."

"நிழலுக்கு இல்லம்மா. வெள்ளைக்கே."

அவள் சாந்து பூசுகிற குட்டிக் கரணை போன்ற ஒரு தகட்டால் வெள்ளையில் துளி நீலம் குழைத்து நடுத்தெருவில் இழுத்தாள். இருவரும் தூண்வரை பின்வாங்கிப் பார்த்தார்கள். பனிமேல் காலை வெளிச்சம் விழுந்துவிட்டது.  அவள் திரும்பி வந்து தெரு முழுவதையும் சுரண்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினாள். இரண்டு நாளில் வெள்ளைச் சாயக் குழாய்கள் எல்லாம் தீர்ந்துவிட்டன. மெட்ராஸிலிருந்து பார்சல் வர வேண்டும். மழையில் எங்கோ ரயில் பாதை அரித்துக் கிடந்தது. பாதித் தெரு நிர்வாணமாக நின்றது. டாக்டரம்மா அதைப் பார்க்கிறபோதெல்லாம் பெருமூச்சு விட்டாள்.

சின்னப்பையனுக்கு அன்றைக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை. ஐந்து குடம் தண்ணீர், விலகாத அந்தக் கட்டை விரல், நாற்காலி. எதற்கும் பதில் செய்ய அவனிடம் ஒன்றும் இருந்ததில்லை. இப்போது அவளுக்கு வேண்டியது வெள்ளை. வெள்ளைக்கு அவனை விட்டால் யார்?

வீட்டுக் கொல்லையில் ஒரு பானை இருந்தது. இரண்டு வருஷமாகத் தண்ணீருக்கடியில் ஊறுகிற சுண்ணாம்பு. ஊற ஊறத்தான் அது வெண்ணெயாகும். மறுநாள் அதில் ஒரு கை அள்ளி, நிழலில் உலர்த்தி, கல்லில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் சலித்தான். வலது கண்ணுக்குமேல் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தான்.

"யோவ், உனக்குக் கண்ணு வேணுமா, இல்ல வெள்ளைக்காரம்மாவுக்கு வெள்ளை வேணுமா?" என்று கங்கையம்மாள் கத்தினாள். "நாப்பது நாளு தொடாதேன்னு சொன்னாங்களா இல்லியா?"

"அந்தம்மாவுக்குத்தான்டி அரைக்கிறேன்."

"அந்தம்மா கேட்டாங்களா?"

அவன் சலித்துக்கொண்டே இருந்தான். அவள் துணியைப் பிடுங்கி மீதியைத் தானே சலித்தாள்.

ஆஸ்பத்திரியில், பெண்டாட்டி அரைத்தது என்று சொல்லிக் கொடுத்தான். பாதிப் பொய்தான். டாக்டரம்மா பொடியை விரலில் தேய்த்துப் பார்த்தாள், மாவை விட மெல்லிசு. ஆளி விதை எண்ணெயில் குழைத்து, தன் கருநீலத்தைச் சேர்த்து, சாயங்காலம்வரை நின்றுகொண்டே தீட்டினாள். பாடினாள் கூட. அவள் பாடி மேரியே கேட்டதில்லையாம். சின்னப்பையன் வீட்டுக்குப் போகிற வழியில் காலில் குத்திய முள்ளையும் சட்டை செய்யவில்லை.

நான்கு நாள் மழை. பாலாறு கரை தொட்டு ஓடியது. அவனால் போக முடியவில்லை. ஐந்தாம் நாள் போனபோது, தலையைத் துவட்டுவதற்குள் டாக்டரம்மா வந்துவிட்டாள். முகம் எப்போதும் போலத்தான் இருந்தது. "இடது கண்ணை மூடும்" என்றாள். தூணருகே நின்று மூடிக்கொண்டான்.

"என்ன தெரிகிறது?"

படத்தை முன்கூட்டிப் பார்க்க அன்றைக்கு நேரம் கிடைக்கவில்லை. பரவாயில்லை, மனப்பாடம்தானே. "எல்லாம் சோக்கா தெரியுதும்மா. வண்டி தெரியுது. வண்டிக்கு அடியில நீலமா நிழலு. வீட்டுக்கு அடியிலயும் நீலம். நடுத்தெருவுல வெள்ளையில லேசா நீலம், பளபளன்னு..."

மேரி டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். 

"எங்கண்ணே நீலம்?" என்றாள் மேரி.

அவன் இடது கண்ணைத் திறந்தான். நீலம் இருந்த இடமெல்லாம் துருவாக மாறியிருந்தது. வண்டிக்கு அடியில் துரு, வீட்டுக்கு அடியில் துரு, நடுத்தெரு முழுக்கச் செம்மண் கரைத்துக் கொட்டிய மாதிரி. சுண்ணாம்பு அவள் நீலத்தைத் தின்றுவிட்டிருந்தது.

 படமும் போச்சு, பொய்யும் வெளுத்துப் போச்சு. சின்னப்பையன் அப்படியே தரையில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "நான்தாம்மா அரைச்சேன். பொஞ்சாதி இல்ல, நான்தான். கண்ணும் அவ்ளோ தெரில. மனப்பாடமாச் சொல்லிக்கினு இருந்தேன். உன் படத்தக் கெடுத்துட்டேனேம்மா."

டாக்டரம்மா படத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவன் புஜத்தைப் பிடித்துத் தூக்கி நாற்காலியில் தள்ளி, முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பி, இமையைப் பிரித்தாள். அதே கட்டை விரல். கண்ணாடி ஒன்றை வைத்து மேலும் கீழும் வெகுநேரம் பார்த்தாள். அவள் மூச்சு அவன் நெற்றியில் பட்டது.  

"புதிதாக ஒன்றும் படவில்லை" என்றாள் கடைசியில். அப்புறம் முன்ஷியின் தமிழ் போய், வார்டில் கேட்ட தமிழ் வந்தது. "அறிவு இருக்குதாய்யா உனக்கு? இந்தக் கண்ணுக்கு நான் தூங்காம இருந்திருக்கேன். ஒரு படத்துக்காக அதைக் கொண்டுபோய்ச் சுண்ணாம்புல வைப்பியா?"

 சின்னப்பையனுக்கு அந்தத் திட்டு, காய்ச்சல்காரனுக்கு வேர்த்த மாதிரி சுகமாக இருந்தது. அவனை அப்படித் திட்டுகிறவள் உலகத்தில் கங்கையம்மாள் ஒருத்திதான் இருந்தாள். இப்போது இரண்டு பேர்.

"உமக்கு விடுகிற மருந்து பார்வையைக் கொஞ்ச நாள் மங்க வைக்கும்" என்றாள் சற்றுக் கழித்து, பழைய தமிழுக்குத் திரும்பி. "மருந்தை நிறுத்தினால்தான் உண்மை தெரியும். இன்று நிறுத்துகிறேன். தெரிந்ததை மட்டும் சொல்லும். தெரியாவிட்டால் தெரியவில்லை என்று சொல்லும். எனக்கு நல்ல செய்தி வேண்டாம், சரியான செய்தி வேண்டும்."

அதற்குப் பிறகுதான் படத்தின் பக்கம் போனாள். கரணையை எடுத்துத் துருப்பிடித்த இடங்களைச் சுரண்டத் தொடங்கினாள். வீட்டு நிழல், கூரை. நடுத்தெருவுக்கு வந்ததும் கை நின்றது. பின்வாங்கித் தூணுக்கு வந்தாள்.

"இது இருக்கட்டும்" என்றாள்.

"வேணாம்மா, அசிங்கமா இருக்குது. சேறு மாதிரி."

"சேறுதான். அங்கே பனி விழுந்த மறுநாள் வண்டிச் சக்கரம் போகும், குதிரை சாணம் போடும், கரிப்புகை படியும். நடுத்தெரு இந்த நிறத்தில்தான் இருக்கும். நான் அதை மறந்துவிட்டு, தெரு முழுக்க வெள்ளையாகத் தீட்டிக்கொண்டிருந்தேன்."

சின்னப்பையன் உற்றுப் பார்த்தான். "அப்போ நம்ம தெரு மாதிரிதான்" என்றான்.

"அப்படித்தான். கொஞ்சம் குளிர் அதிகம்."

ஓரங்களுக்கு மட்டும் நீலம் வேண்டியிருந்தது. சுண்ணாம்புக்குச் சாகாத நீலம். அது அவன் தொழிலிலேயே இருந்தது, அவனுக்கு அது தோன்றவில்லை. வெள்ளையடிக்கிறவர்கள் சட்டியில் போடுவது சலவை நீலம், டாக்டரம்மாவின் குழாய் நீலம் வேறு சாதி என்று அவனுக்கு எப்படித் தெரியும்? மேரி ஓடிப்போய் நர்ஸுகளின் உடுப்புக்குப் போடுகிற நீலக்கட்டியைக் கொண்டுவந்தாள். அவன் அதைத் தொடவில்லை. எவ்வளவு என்று மட்டும் சொன்னான். டாக்டரம்மா கலந்தாள். அந்த நீலம் மறுநாளும் நீலமாக இருந்தது, அதற்கு மறுநாளும்.

நாற்பதாம் நாள், கார்த்திகைக் கடைசி. நமச்சிவாயம் மேஸ்திரியை டாக்டரம்மாவே வரச்சொல்லியிருந்தாள். அவர் தாழ்வாரத்துப் படிக்குக் கீழே செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கங்கையம்மாள் பக்கத்தில், வாயில் முந்தானையோடு.

"மேஸ்திரி, இவருக்கு இந்தப் படம் மனப்பாடம்" என்றாள் டாக்டரம்மா. "அதனால் இன்று காலை இதில் புதிதாக ஒன்று போட்டிருக்கிறேன். மேரிக்கும் தெரியாது. கடுகளவு. சின்னப்பையன், இடது கண்ணை மூடும். புதிதாக இருப்பது எது?"

தூணில் சாய்ந்து மூடினான். மேரி மேலே ஒரு கைக்குட்டையையும் கட்டினாள்.

வெள்ளை. வீடுகள், ஓரம் மழுங்காமல். விளக்கு. வண்டி. குதிரையின் முன்னங்கால். மனசு தெரிந்ததையெல்லாம் முந்திக்கொண்டு சொல்லப் பார்த்தது. அவன் அதை அடக்கினான். சுவரில் திட்டுத் தேடுகிற மாதிரி, மேல் வரியிலிருந்து ஒவ்வொரு சாணாக இறங்கினான். கூரையில் ஒன்றும் இல்லை. ஜன்னல்களில் ஒன்றும் இல்லை. கங்கையம்மாள் ஏதோ முனகினாள். குடை. குடைக்குக் கீழே அந்தப் பொம்பளை. அவள் பாவாடைக்குப் பக்கத்தில்...

"செவப்பு" என்றான்.   "குடை பிடிச்ச அம்மா பக்கத்துல, இடுப்பு உசரத்துக்கு, செவப்பா ஒரு பொட்டு. குல்லா மாதிரி. ஒரு பொண்ணு குழந்தை. அம்மா கையப் பிடிச்சிக்கினு போவுது."

மேரி படத்தருகே போய்க் குனிந்து தேடினாள். "ஆமாண்ணே!" என்று கத்தினாள். "இருக்குதுண்ணே!"

"அது யாரும்மா?" என்றான் சின்னப்பையன், கட்டை அவிழ்க்காமலே.

"நான்தான்" என்றாள் டாக்டரம்மா. "ஏழு வயசு."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். "என் கண்ணுக்கே தெரிலயேப்பா அது" என்றார். "அஞ்சாம் தேதி விடியக்காலம் வந்துடு." கங்கையம்மாள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் தரையில் விழுந்து டாக்டரம்மாவின் பாதத்தைப் பிடித்தாள். டாக்டரம்மா துள்ளி விலகினாள்.

எல்லோரும் போனபின் சின்னப்பையன் நின்றான். "உனக்கு நான் இன்னாம்மா செய்யறது? சும்மா ஒண்ணும் வேணாம்னு சொல்லாதே."

அவள் யோசித்தாள். பாவனைக்கு அல்ல, நிஜமாகவே யோசித்தாள். "என் படுக்கையறைச் சுவர் மழையில் பூசணம் பூத்திருக்கிறது. இந்தப் படத்தை அங்கே மாட்ட வேண்டும். நல்ல வெள்ளை வேண்டும், நீலம் போட்ட வெள்ளை. நீர் அடியும்."

சின்னப்பையன் வாசற்படியைப் பார்த்தான். இருபத்தைந்து வருஷத்தில் அவன் அடித்ததெல்லாம் வெளிச்சுவர். மதில், கொட்டில், சத்திரத்துப் புறச்சுவர். ஜனங்கள் படுத்துத் தூங்குகிற அறைகளின் சுவர்களுக்கு வேறு ஆட்கள் வருவார்கள்.

"உள்ள வரலாமாம்மா?"

"வெளியே நின்றுகொண்டு எப்படி அடிப்பீர்?" என்றாள் அவள். "முதலில் உம் மார்கழி வேலையை முடித்துவிட்டு வாரும். என் அறை தையில்."

சத்திரத்து மதிலை முடித்தான். மேலே நின்றபோது பலகை முடிகிற இடம் கத்தி வெட்டின மாதிரித் தெரிந்தது. நாலு பெரிய வீடும் முடிந்தது. அடுப்பில் இரண்டு வேளையும் நெருப்பு எரிந்தது. தை ஏழாம் தேதி, நன்றாக ஊறின சுண்ணாம்பு, சலவை நீலம், புதுசாக நசுக்கிய மட்டை இவற்றோடு பங்களாவுக்குப் போனான்.

கதவில் பூட்டு தொங்கியது. மேரி படியில் உட்கார்ந்திருந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அவங்க அம்மாவுக்கு ரொம்ப முடியலியாம் அண்ணே. தந்தி வந்துச்சு. காலை வண்டிக்குப் போயிட்டாங்க. கப்பலு ஏறிப் போயி வர ஒரு வருஷம் ஆவுமாம். படத்தத் திருப்பிச் சுவத்துல சாச்சி வச்சிட்டு, 'சின்னப்பையன் வெள்ளையடிக்கிற வரைக்கும் யாரும் மாட்டக்கூடாது'ன்னு சொல்லிட்டுப் போனாங்க. சாவியும் எடுத்துக்கினு போயிட்டாங்க."

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருஷத்துத் தை. ஒரு வருஷம் என்றது இப்போது மூன்றாகிவிட்டது. வேறு டாக்டர் வந்திருக்கிறார். அவர் குடியிருப்பது பக்கத்து வீட்டில், பங்களா பூட்டியே கிடக்கிறது. டாக்டரம்மாவிடமிருந்து மேரிக்குக் கடிதம் வருகிறது. வருவேன் என்றுதான் ஒவ்வொன்றிலும் எழுதுகிறாள். கடைசி வரியில், சின்னப்பையனின் வலது கண்ணைப் பார்த்து எழுது என்று கேட்கிறாள். மேரி அவனை வெளிச்சத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு எழுதுகிறாள். இதுவரை எழுதியதெல்லாம் சரியான செய்திதான்.

அன்றைக்குக் கொண்டுபோன சுண்ணாம்பைச் சின்னப்பையன் வேறு எந்தச் சுவருக்கும் எடுக்கவில்லை. கொல்லையில் தனிப் பானை. வெயில் காலத்தில் தண்ணீர் வற்றாமல் கங்கையம்மாள் ஊற்றிவைக்கிறாள். மூன்று வருஷம் ஊறி வெண்ணெயாக இருக்கிறது.

டாக்டரம்மாவுக்கு அவன் தர வேண்டிய பாக்கி ஓர் அறை. நான்கு சுவர், மூன்று பூச்சு, உள்பக்கம்.